இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பப்பட்டவருக்கு அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தெரிந்தவர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, ஐம்பது வயது தாண்டியவர். வாய்ப்புற்று முற்றிவிட்டது. திருவனந்தபுரத்தில் ரேடியேஷன், கீமோ எல்லாம் பார்த்துவிட்டு "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிறார். போய்ப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது, போனால் என்ன பேசுவது, இப்படி ஒருவருடைய கடைசி நாட்களிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அது தள்ளி நின்று பார்ப்பவருக்குக் கிடைக்காது. கட்டிலருகே ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்கிறவருக்குத்தான் கிடைக்கும். இன்னொன்று, வலியில் துடித்துக்கொண்டிருப்பவர் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை சொல்ல மாட்டார், பழைய பிணக்கைத் தீர்க்க மாட்டார், சாமி கும்பிடக்கூட மாட்டார். அவர் மனசு முழுக்க அடுத்த அரை மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதிலேயே இருக்கும். அதனால் முதல் வேலை வலி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

முற்றிய புற்றுநோய் வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது மார்ஃபின் மாத்திரை. விலை மலிவு. நம் பக்கம் இதைப் பற்றி மூன்று பயங்கள் உண்டு: அடிமையாகிவிடுவார், ஆயுள் குறையும், மார்ஃபின் கொடுத்தாலே கதை முடிந்தது என்று அர்த்தம். மூன்றும் தவறு. டாக்டர் சொல்லும் அளவில், வலிக்காகக் கொடுக்கும்போது போதைப் பழக்கம் வருவது அரிது, ஆயுளும் குறைவதில்லை. வலி அடங்கித் தூங்கி எழுந்தால் எழுந்து உட்காரவும் பேசவும் தெம்பு வருகிறது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தில் செய்த திருத்தத்தால், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனாலும் சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்காது. திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் சிகிச்சை பார்த்தவர் என்றால் அங்குள்ள பாலியேட்டிவ் பிரிவில், அதாவது வலியையும் துன்பத்தையும் தணிக்கிற பிரிவில், கேட்க வேண்டும். இந்தப் பக்கம் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகாமல், உறவினர் ஒருவர் குறிப்பேட்டோடு போய் அடுத்த மாத மருந்தை வாங்க முடியுமா என்பதை முதல் தடவையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர் போல வரும். முற்றிய நோயாளிக்கு மார்த்தாண்டம் நெரிசலில் அந்தப் பயணமே ஒரு தண்டனை.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் வைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுக்கச் சொல்வது, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருப்பதற்காக. தொடக்க அளவு பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம். வயதானவர், மெலிந்தவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் இன்னும் குறைவு. இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நடக்கிற பெரிய தவறு, "இப்போ நோவு இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று ஒரு வேளையைத் தள்ளிப்போடுவது. நோவு இல்லாமல் இருப்பதே மாத்திரையால்தான். ஒரு வேளை தவறினால் வலி திரும்பி ஏறிவிடும். ஏறிய வலியை இறக்க முன்பு கொடுத்ததைவிட அதிக மருந்து வேண்டியிருக்கும். இடையில் வலி குத்தினால் கொடுக்க வேண்டிய கூடுதல் மாத்திரை எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் மாத்திரை தேவைப்பட்டால் வழக்கமான அளவு போதவில்லை என்று அர்த்தம், போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபின் தொடங்குகிற அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது. இதில் ஏமாற்றுகிற ஒரு நிலை உண்டு. கட்டிமலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் போல ஒழுகும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்துகிற மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அடைப்பு இன்னும் இறுகும். பல நாள் மலம் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகப் போனால், நர்சைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், மூச்சு எண்ணிக்கை வெகுவாகக் குறைவது, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, இந்த மூன்றும் அளவு கூடிவிட்டதற்கான அடையாளம். சிறுநீர் குறைந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும். உடனே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக மருந்தை முழுவதும் நிறுத்தவும் கூடாது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு வேறு விதமாகத் துன்பப்படும்.

பத்து ரூபாய்க்கு எழுதுகிற நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் இது ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, மாத்திரை கொடுத்த நேரம், பத்துக்கு எத்தனை வலி, வெளிக்குப் போனதா, எவ்வளவு சிறுநீர், வேறு என்ன. டாக்டர் போனில் கேட்கிற கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருக்கும். "ராத்திரி முழுக்கத் துடிச்சாரு" என்று சொன்னால் டாக்டரால் அளவை மாற்ற முடியாது. "நேற்று நாலு தடவை கூடுதல் மாத்திரை, நாலும் விடியற்காலை" என்று சொன்னால் முடியும்.

வாய்ப்புற்றுக்காரருக்கு வலிக்கு அடுத்த துன்பம் புண்ணின் நாற்றம். சொந்தக்காரர்கள் வருவதைக் குறைப்பது பெரும்பாலும் இதனால்தான், அது அவருக்கும் தெரியும். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுப்பதைப் பார்த்தால் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்காதீர்கள். நாற்றத்துக்குக் காரணம் புண்ணில் வளர்கிற ஒருவகைக் கிருமிகள். அதற்கு மருந்து உண்டு. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் உப்புப் போட்டு ஆற வைத்தால் புண் கழுவும் தண்ணீர் தயார். ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பழைய துணியை வறண்ட நிலையில் பிய்த்து எடுக்காமல், இந்தத் தண்ணீரால் நனைத்து ஊற விட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் வரும். வெளிப்புண் என்றால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வது பாலியேட்டிவ் நர்சுகளின் வழக்கம். அளவை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் காப்பித்தூளோ அடுப்புக்கரியோ வைத்தால் அறை வாடை குறையும். ஊதுவத்தி, சாம்பிராணி வேண்டாம். புகை இருமலைக் கிளப்பும், வாடையும் அதோடு கலந்து இன்னும் மோசமாகும்.

கழுத்திலோ வாயிலோ உள்ள கட்டி பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டால் திடீரென்று ரத்தம் பெருக வாய்ப்புண்டு. எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் இப்படி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், கருஞ்சிவப்பு அல்லது கருநீலத் துண்டுகள் நாலைந்து கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்தால் அவரும் நடுங்குவார், பார்ப்பவரும் நடுங்குவார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, துண்டால் அழுத்திப் பிடித்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் வீடுகளில் அதிகச் சண்டை. "ஒரு வாய் சாப்பிடுங்க" என்று மனைவி அழுவார், அவர் தலையைத் திருப்புவார். முற்றிய நோயில் உடம்பு உணவை எடுத்துக்கொள்கிற முறையே மாறிவிடுகிறது. பசி போவது நோயின் ஒரு பகுதி. சாப்பிடாததால் நோய் கூடுகிறது என்று நினைக்கிறோம், நோய் கூடுவதால்தான் சாப்பிட முடியவில்லை. இதை மனைவியிடம் யாராவது சொல்ல வேண்டும், தன் சமையலை அவர் குற்றம் சொல்லவில்லை என்பதும் மனைவிக்குப் புரிய வேண்டும். தானாக விழுங்க முடிந்தால், கேட்கும்போது கேட்டதைக் கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சித்தெளிவு, மசித்த மட்டி வாழைப்பழம், நுங்கு, ஆறிய கருப்பட்டிக் காப்பி. வாய்ப்புண் உள்ளவருக்கு எரிப்பும் புளியும் சூடும் ஆகாது.

மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் ஒரு தடவைக்கு 200 மில்லி அளவு, தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக இறங்க விட வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் விட்டால் அடைக்காது. முடிந்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும், உடனே படுக்க வைத்தால் நெஞ்சில் ஏறிவிடும். டியூப் வெளியே இழுபட்டிருந்தாலோ, கொடுக்கும்போது இருமினாலோ நிறுத்திவிட்டு நர்சைக் கூப்பிடுங்கள். மாத்திரையைப் பொடித்து டியூபில் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மெதுவாகக் கரைகிற மார்ஃபினைப் பொடிக்கவே கூடாது. அரை நாளைக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

டியூப் இருப்பவருக்கும் நாக்கு இருக்கிறது. அவருக்குப் பிடித்த கட்டன் சாயாவில் பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கிலும் தடவிக் கொடுத்தால் அந்த ருசி மட்டும் போதும் என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சோடா உப்பும் கலந்து ஒரு நாளில் நாலு தடவை வாயைத் துடைத்துவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்து துடைத்தால் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதற்குத் தனி மருந்து உண்டு.

"ஒரு குளுக்கோஸ் போட்டா தெம்பா இருப்பாருல்லா?" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அரை லிட்டர் பாட்டிலில் உள்ள ஐந்து சதவீத குளுக்கோஸில் மொத்தம் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. நூறு கலோரிக்கு மேல் தேறாது. கடைசி வாரங்களில் உடம்பு அந்தத் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் காலிலும் நெஞ்சிலும் சேர்த்து வைக்கும், மூச்சுத் திணறலும் சளியும் கூடும். இதற்காக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவது அவர் உடம்பை உலுக்கி எடுப்பதுதான்.

படுக்கைப்புண் வந்த பிறகு ஆற்றுவது மிகக் கடினம், வராமல் தடுப்பதுதான் வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டுகிற முறை முக்கியம். ஒரு பெட்ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அவருக்கு அடியில் விரித்து வைத்திருங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, விரிப்பின் ஓரத்தை உடம்பு வரைக்கும் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகர்ந்து, நடுவில் சதை கிழியும். முழுசாக ஒருக்களிக்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வில் வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் இருக்கட்டும். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். அடியில் ஏற்கெனவே நசுங்கிய ரத்தக்குழாய்கள் தேய்ப்பதால் இன்னும் சேதமாகும்.

ஏர் பெட் வாங்கினால் மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை நுழைத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு கையில் தட்டினால் காற்றுப் போதவில்லை. நம் மாவட்டத்தில் ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் கரன்ட் போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது மரங்களும் கம்பங்களும் சாய்ந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு மாதிரி மரம் அடர்ந்த பகுதியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மெத்தை நல்லது, அதற்குக் கரன்ட் வேண்டாம். மூச்சுத்திணறல் உள்ளவருக்கு முகத்தில் படும்படி சின்ன ஃபேன் ஒன்று, பேட்டரியில் ஓடுகிறதாக இருந்தால் பெரிய உபகாரம். முகத்தில் காற்றுப் படுவதே திணறலைக் குறைக்கும். ஆக்சிஜன் அளவு இறங்காதவருக்கு சிலிண்டர் வைத்துக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் ஒரே ஆள் செய்ய முடியாது. 1838-ல் நெய்யூரில் மருத்துவ மிஷன் தொடங்கிய மாவட்டம் இது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பல ஆண்டுகள் அங்கே ஆபரேஷன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் நமக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆஸ்பத்திரி கைவிட்ட பிறகு வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியமும் ஒன்று இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்சும் பிசியோதெரபி செய்பவரும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள், 104-ல் கூப்பிட்டும் விசாரிக்கலாம்.

மனைவி அண்டி ஆபீசுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. ராத்திரி விழித்து, பகலில் வேலைக்குப் போனால் ஒரு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று சொல்லாதீர்கள், எந்த அக்காவும் சொல்லப்போவதில்லை. "செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி பத்திலிருந்து நாலு வரைக்கும் நான் இருக்கேன், நீங்க உள்ளே படுத்துத் தூங்குங்க" என்று சொல்லுங்கள். சனிக்கிழமை பீத்துணியெல்லாம் கொண்டுபோய்த் துவைத்துத் தருகிறேன், மருந்து வாங்க நான் போகிறேன், சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறேன். இப்படிக் கிழமையும் நேரமும் சேர்த்துச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள். உதவி வாங்கத் தெரிவதும் ஒரு பழக்கம்தான். முப்பது வருஷம் யார் கையையும் எதிர்பார்க்காமல் பால் வெட்டின மனுஷன் இன்னொருவர் கையால் உடம்பு துடைத்துக்கொள்வதற்குப் பழக எவ்வளவு பாடுபடுகிறார் என்பதைக் கிட்டத்தில் பார்த்தால், நமக்கு வரும்போது எப்படி இருக்க வேண்டும் என்பது புரியும். கதவைச் சாத்தி, போர்வையால் மூடி, எந்த இடத்தைத் துடைக்கிறோமோ அதை மட்டும் திறந்து துடைக்கிற நர்சிடம் அவர்கள் சீக்கிரம் இளகிவிடுவது இதனால்தான்.

இனிப் பேச்சு. உட்காருங்கள், நின்றுகொண்டு பேசினால் கிளம்பத் தயாராக இருப்பதாகத் தோன்றும். கால் மணி நேரம் போதும். பழத்தையும் ஹார்லிக்சையும் கட்டிலில் வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லை அண்ணாச்சி, சரியாயிரும்" என்று சொல்லாதீர்கள். சரியாகாது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் சொன்னவுடன், உங்களிடம் உண்மை பேச முடியாது என்பதும் தெரிந்துவிடும். "எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல, சும்மா பக்கத்துல இருக்கலாம்னு வந்தேன்" என்று சொன்னால் போதும், அதில் பொய் இல்லை.

நோயைப் பற்றி அவரே கேட்டால் பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? நீங்க என்ன நினைக்கிறிய?" பெரும்பாலும் அவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். நம் வீடுகளில் மனைவி அவருக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பார், அவர் மனைவி தாங்க மாட்டாள் என்று மறைப்பார். ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுவார்கள். இதை உடைக்க நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. அவர் கேட்காமல் சொல்லவும் வேண்டாம், கேட்கிறபோது பொய் சொல்லவும் வேண்டாம். "எனக்கு நல்லா ஆகுமா?" என்றால், "நோயை மாத்துற மருந்து இனி இல்லைன்னு டாக்டருமார் சொல்றாங்க. நோவு இல்லாம பாத்துக்க முடியும், அதுக்கு எல்லாரும் கூட இருக்கோம்" என்பது உண்மை, அதே நேரம் கைவிடுவதும் இல்லை. பிறகு வருகிற மௌனத்தை நிரப்பாதீர்கள். அவர் பேசட்டும்.

லட்சுமி தரு இலைத் தண்ணீர், முள்சீத்தாப்பழம், எங்கேயோ மலையில் ஒரு வைத்தியர் என்று தினமும் ஒருவர் யோசனை கொண்டுவருவார்கள். இவற்றால் மனிதருக்குப் புற்று மாறும் என்று நிரூபணம் இல்லை. கசப்புத் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்து, கொஞ்சம் இறங்குகிற கஞ்சியும் இறங்காமல் போகும். கடன் வாங்கி ஐம்பதாயிரம் செலவழித்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது குற்றவுணர்ச்சி. யோசனை சொல்கிறவர் வாசலோடு போய்விடுவார். ஆனால் சாமிதோப்பு முத்திரிக் கிணற்றுத் தண்ணீரோ, கத்தோலிக்கச் சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுப்பதோ, போதகர் திருவிருந்து கொடுப்பதோ, ஓதி ஊதுவதோ அவர் கேட்டால் தடுக்காதீர்கள். அவர் கேட்கிறாரா, நாம் திணிக்கிறோமா என்பதை மட்டும் பாருங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று ஒரு மணி நேரம் சத்தமாக ஜெபிப்பதை நோவில் கிடக்கிறவரால் தாங்க முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

இந்தக் கட்டத்தில் மனிதர்கள் கேட்பது எல்லாம் சின்னச் சின்னது. குளச்சல்காரர் கடல் சத்தம் கேட்கிற பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்வார். பால்வெட்டுக்காரர் விடியற்காலையில் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார், அது அவர் தோட்டத்துக்குக் கிளம்பிய நேரம். முப்பது வருஷமாகப் பேசாத தம்பியை ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்பார்கள். பெரிய ஆசைகள் ஏன் இல்லை என்றால், நாளைக்கு முடிகிற காரியமா என்பதுதான் அவர்களுடைய அளவுகோலாகிவிட்டது. அதனால் கேட்டதை அன்றைக்கே செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கில் வெகுதூரம். நமக்கும் இது பொருந்தும் என்பதே அங்கிருந்து நான் எடுத்துச் சொல்லக்கூடிய பெரிய பாடம். தம்பியோடு பேச வேண்டும் என்றால் வாய் பேச முடிகிற காலத்திலேயே பேசிவிட வேண்டும். வாய்ப்புற்றில் சாவுக்கு வெகு முன்பே பேச்சுப் போய்விடுகிறது. அவரிடம் ஒரு சிலேட்டோ, பெரிய எழுத்தில் "நோவு", "தண்ணி", "திருப்பிப் போடு", "எல்லாரும் வெளியே போங்க" என்று எழுதிய அட்டையோ கொடுத்து வையுங்கள்.

காகித வேலையைச் சொல்ல எல்லோரும் கூசுகிறார்கள், ஆனால் பலருக்கு இதை முடித்த பிறகுதான் தூக்கம் வருகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். அவர் கையெழுத்தோ கைநாட்டோ போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், சொத்து வாங்குகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் பின்னால் வழக்கு வந்தால் உதவும். நடக்க முடியாதவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் வழி உண்டு, மனுவும் கட்டணமும் கொடுக்க வேண்டும். மார்ஃபின் சாப்பிடுகிறவர் எழுதிய உயில் செல்லாது என்று பிற்பாடு யாராவது கிளப்பலாம். அதனால் அவர் தெளிவாக இருக்கிற காலை நேரத்தில், சுயநினைவோடு இருக்கிறார் என்ற டாக்டர் சான்றோடு, முடிந்தால் டாக்டரையே ஒரு சாட்சியாக வைத்து எழுதுங்கள்.

வங்கிக் கணக்கில் மனைவியைச் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று மாற்றிவிட்டால் பணம் முடங்காது. நலவாரிய அட்டை இருந்தால் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள், இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் அதில் உதவித்தொகை உண்டு. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி என்பதை அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எளிமைப்படுத்திய முறைப்படி இரண்டு சாட்சிகள் முன் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கி வைக்கலாம்.

கடைசி நாட்களைப் பற்றி வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது மிக அவசியம். தெரியாததால்தான் கடைசி நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டு, அவர் விரும்பாத ஐ.சி.யு.வில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் தூங்குவார். விழுங்குவது நிற்கும். சிறுநீர் குறைந்து கறுக்கும். கை கால் குளிர்ந்து, முழங்காலில் நீலத்திட்டுத் தெரியும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சற்று நேரம் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் களகள என்று சத்தம் வரும். பார்ப்பவருக்கு அது பயங்கரமாக இருக்கும், அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், உறிஞ்சுகிற மிஷினை உள்ளே விட்டுக் குடையக் கூடாது. விழுங்க முடியாதபோது வாயில் பால் ஊற்றாதீர்கள், பஞ்சில் நனைத்து உதட்டைத் துடைத்தால் சடங்கும் ஆகும், புரையும் ஏறாது. திடீரென்று துணியைப் பிடித்து இழுத்து அமைதியில்லாமல் புரண்டால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருந்தாலே போதும், இப்படி இருக்கும். வலி மருந்தைக் கடைசி வரை நிறுத்தக் கூடாது. மாத்திரை இறங்காதபோது வேறு எப்படிக் கொடுப்பது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள், கட்டிலருகே சொத்துப் பேச்சும் அடக்கச் செலவுப் பேச்சும் வேண்டாம்.

கண் கொடுக்க அவர் விரும்பியிருந்தால், புற்றுநோய் என்ற ஒரே காரணத்தால் முடியாது என்றில்லை. ரத்தப்புற்று, கண்ணில் புற்று, மஞ்சள்காமாலைத் தொற்று போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். மற்றவற்றைக் கண்வங்கி முடிவு செய்யும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை கண்ணை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் உயர்த்தி, ஃபேனை நிறுத்தி வையுங்கள்.

வீட்டில் நடந்த இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்த அலுவலகத்தில். ஆஸ்பத்திரியின் கடைசிச் சீட்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வேண்டிவரும். அவருடைய போன் நம்பரைச் சில மாதங்களுக்காவது ரீசார்ஜ் செய்து வையுங்கள், வங்கியும் காஸ் இணைப்பும் ஓ.டி.பி.யை அதற்குத்தான் அனுப்பும். அடக்கம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மனைவியைப் பார்க்க யாரும் வருவதில்லை. இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும் நீங்கள் போங்கள். ஏர் பெட்டோ சக்கர நாற்காலியோ யாரிடமாவது இரவல் வாங்கியிருந்தால் கழுவிக் காயவைத்து, அடுத்த ஆளுக்குப் பயன்படத் திருப்பிக் கொடுங்கள். மீதியிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி நோட்டில் எழுதி, வாங்கின இடத்திலேயே ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டு முதுகுவலிக்காரர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.